முகச்சுளிப்பு அளவுகோல் ஆகாது

ஈசல், வயலெலி, பட்டுப்புழு, செவ்வெறும்பு, நத்தை, ஆட்டு ரத்தம், புளிக்கவைத்த மீன். இவற்றைச் சாப்பிடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடமிருந்து முதலில் வருவது ஒரு கேள்வி: "இதையெல்லாமா தின்பார்கள்?" கேள்வி போலத் தோன்றினாலும் அது தீர்ப்பு. உலகத்து விநோத உணவுகளைக் காட்டும் காணொளிகளும் பயண நிகழ்ச்சிகளும் அந்தத் தீர்ப்பை நம்பியே ஓடுகின்றன. அதன் அடியில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. அருவருப்பு இயற்கை நமக்குத் தந்த எச்சரிக்கை, ஆகவே பார்த்தவுடன் குமட்டுவது உண்ணத் தகாதது என்பது முதலாவது. பசியும் பஞ்சமும் விரட்டியதால்தான் மனிதர் இவற்றைத் தின்னப் பழகினார்கள் என்பது இரண்டாவது. நாகரிகம் ஏற ஏற இப்பழக்கங்கள் தாமே உதிர்ந்துவிடும், இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் பின்தங்கியவர்கள் என்பது மூன்றாவது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் பரவியிருக்கும் இம்மூன்று நம்பிக்கைகளும் தவறானவை. ஓர் உணவைக் கண்டு நமக்கு எழும் அருவருப்பு அந்த உணவைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை. நாம் எந்த வீட்டில், எந்த ஊரில், யாருக்கு நடுவே வளர்ந்தோம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதை வைத்து உணவை எடைபோடுவது அறிவுப் பிழை. உண்பவரை எடைபோடுவது அநீதி.

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். கெட்டுப்போனதையும் நஞ்சையும் விலக்க உடலுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும், குமட்டல் அந்த ஏற்பாடு என்கிறார்கள். குமட்டும் திறன் பிறவியிலேயே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எதைக் கண்டு குமட்ட வேண்டும் என்பது பிறவியில் வருவதில்லை. தவழும் குழந்தை மண்ணையும் எறும்பையும் ஒரே ஆவலோடு வாயில் போட்டுக்கொள்ளும். அதன் கையைத் தட்டிவிட்டு "சீ" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பெரியவர்கள். எந்தப் பொருளுக்கு "சீ" சொல்ல வேண்டும் என்பதை அந்தந்தச் சமூகம் முடிவு செய்கிறது. சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். தென்னமெரிக்காவின் தென்கோடியில் அவர் பதப்படுத்திய குளிர்ந்த இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பகுதியின் பழங்குடி மனிதர் ஒருவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மென்மையைக் கண்டு அருவருத்தார். அந்தக் கை அழுக்காக இல்லாதபோதும், தன் உணவை அவர் தொட்டதை டார்வின் அருவருத்தார். நடுவில் இருந்தது ஒரே இறைச்சித் துண்டு. அருவருப்பு இயற்கையின் குரல் என்றால் அது இருவரிடமும் ஒன்றையல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

உளவியலும் இதையே காட்டுகிறது. அருவருப்பு பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கம் செய்த இறந்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் தோய்த்து எடுத்துவிட்டு, அந்தச் சாற்றைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கிருமி இல்லை என்று தெரிந்த பின்பும் அந்தச் சாற்றின்மேல் மக்களுக்கு இருந்த விருப்பம் சரிந்தது. ஆபத்து நீங்கிய பின்பும் அருவருப்பு நீங்கவில்லை என்றால், அது ஆபத்தை அளக்கவில்லை என்றுதான் பொருள். மறுபக்கத்தையும் பாருங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு. அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. காலரா கிருமி கலந்த குடிநீர் தெளிவாகவே இருக்கும். நம்மைக் கொல்லக்கூடியவற்றில் பல எந்த முகச்சுளிப்பையும் உண்டாக்காமல் தொண்டையில் இறங்குகின்றன. தீங்கற்றதைத் தடுத்து நஞ்சை உள்ளே விடும் ஒன்றை எச்சரிக்கை என்று எப்படி நம்புவது?

எதை அருவருக்கிறோம் என்பதை உயிரியல் முடிவு செய்வதில்லை என்பதற்கு நம் தட்டிலேயே சான்று உண்டு. இறாலும் நண்டும் வெட்டுக்கிளியும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. இறால் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குப் பூச்சிகளும் ஒத்துக்கொள்வதில்லை என்னும் அளவுக்கு அவற்றின் புரதங்கள் நெருங்கிய உறவுடையவை. கடலில் நடந்தால் விருந்து, வயலில் தாவினால் அசிங்கம் என்று பிரித்தது நம் பழக்கம். பூவின் மதுவைக் குடித்துத் தன் வயிற்றில் சுமந்து வந்து தேனீ கக்குவதுதான் தேன். அதைக் கோயில் அபிடேகத்துக்கும் கொடுக்கிறோம், குழைத்து மருந்தும் உண்கிறோம். இனிப்புகளுக்கும் பானங்களுக்கும் சிவப்பேற்றும் கார்மைன் என்ற நிறம் ஒரு செதில்பூச்சியை உலர்த்தி எடுப்பது. மிட்டாய்களின் மேல் பளபளப்பு தரும் அரக்குப் பூச்சு அரக்குப் பூச்சியின் சுரப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நிலக்கடலை வெண்ணெயில் 100 கிராமுக்குச் சராசரியாக 30 பூச்சித் துணுக்குகளை எட்டும்போதுதான் குறையுள்ள சரக்கு என்று நடவடிக்கை எடுக்கிறது. அதற்குக் கீழே இருப்பவற்றைத் தவிர்க்க இயலாது, உடலுக்குக் கெடுதியும் இல்லை என்பது அதன் நிலை. தானியம் விளையும் இடத்தில் பூச்சியும் இருக்கும். பூச்சி உண்ணாத மனிதர் என்று உலகில் எவரும் இல்லை. தெரிந்து உண்பவர்களும் தெரியாமல் உண்பவர்களுமே இருக்கிறார்கள்.

இரண்டாவது நம்பிக்கை இரக்கத்தின் உடையில் வருவதால் அதை மறுப்பது கடினம். "பாவம், பசிக்கொடுமை, வேறென்ன செய்வார்கள்?" என்று சொல்பவர் தம்மை நல்லவராகவே நினைக்கிறார். ஆனால் பசி புகுத்திய உணவுகளின் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1870–71இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரத்தை முற்றுகையிட்டபோது மக்கள் குதிரையும் பூனையும் எலியும் தின்றார்கள். விலங்குக் காட்சிசாலையின் யானைகளான காஸ்டரும் போலக்சும் கூட இறைச்சியாயின. முற்றுகை முடிந்தது, எலியும் பூனையும் யானையும் பாரிஸ் சமையலறையிலிருந்து மறைந்தன. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்து மக்கள் டியூலிப் கிழங்குகளைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பஞ்சம் நீங்கியதும் அந்தக் கிழங்கு பூந்தோட்டத்துக்கே திரும்பியது. பஞ்ச உணவின் இயல்பு இது: பஞ்சத்தோடு வரும், பஞ்சத்தோடு போகும். அதே பிரான்சில் நத்தையும் தவளையும் செழிப்பான காலங்களிலும் நிலைத்தன. மக்கள் அவற்றை விரும்பினார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தலைமுறைகள் கடந்து ஓர் உணவு நிற்கிறது என்றால் அதை நிறுத்தி வைத்திருப்பது நாக்கு. பசி மட்டும் அவ்வளவு காலம் தாங்காது.

மெக்சிகோவின் வஹாகா பகுதிச் சந்தைகளில் எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் சேர்த்து வறுத்த வெட்டுக்கிளியை மக்கள் நொறுக்குத் தீனியாக வாங்குகிறார்கள். தாய்லாந்தில் சிள்வண்டு வளர்ப்பு ஒரு தொழில். உலக உணவு, வேளாண் நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை அங்கே சுமார் 20,000 பண்ணைகள் இருப்பதாகச் சொன்னது. உண்ணப்படும் பூச்சியினங்கள் 1,900க்கு மேல் என்றும், ஏறத்தாழ 200 கோடி மக்களின் உணவில் பூச்சிக்கு இடமுண்டு என்றும் அதே அறிக்கை மதிப்பிட்டது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் செவ்வெறும்பை இஞ்சி, பூண்டு, மிளகாய், உப்போடு அரைத்துச் செய்யும் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மிடமும் மழைக்காலத் தொடக்கத்தில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, முறத்தில் புடைத்து இறகு நீக்கி, அரிசியோடு வறுத்து உண்ணும் வழக்கம் உண்டு. இதை வறுமையின் எச்சம் என்பவர்கள் சங்க இலக்கியத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர் பாரியின் நாடு இழந்த வளத்தை எண்ணி ஏங்குகிறார். மழை பெய்த இனிய காலத்தில் புற்று ஈசலைப் புளித்த மோரோடு சமைத்த உணவையும் தினையின் புதுவருவாயையும் அந்த வளத்தின் அடையாளங்களாக அவர் நினைவுகூர்கிறார். பஞ்சத்தைப் பாடும்போது வந்த உணவல்ல அது. ஒரு வள்ளலின் நாட்டுச் செழிப்பைப் பாடும்போது வந்த உணவு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பெருமையாக இருந்ததைப் பரிதாபமாக மாற்றிக்கொண்டது நம் பார்வை. ஈசல் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

மூன்றாவது நம்பிக்கைதான் மிகக் கொடியது. உணவுகளை ஏணிப்படிகளாக அடுக்கி, உண்பவர்களையும் அப்படிகளிலேயே நிற்க வைக்கிறது அது. அந்த ஏணி உண்மையானதாக இருந்தால் ஒரே உணவுக்கு எங்கும் ஒரே இடம் இருக்க வேண்டும். அப்படி இல்லை. விலங்கின் ரத்தத்தை உறையவைத்துச் செய்யும் பண்டம் இங்கிலாந்தின் காலை உணவுத் தட்டில் கௌரவமாக இருக்கிறது. நம் தெருவோரக் கடையில் ஆட்டு ரத்தப் பொரியல் வாங்குகிறவரைப் பார்க்கும் பார்வை வேறு. பூஞ்சை படர்ந்து நாறும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி செல்வந்தர் விருந்தில் இடம் பெறுகிறது. கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. குருவியொன்றின் உமிழ்நீரால் ஆன கூடு சீன விருந்துகளில் பெருவிலைக்குப் போகிறது. வயல் நத்தையைப் பொறுக்கிச் சமைக்கும் கூலித் தொழிலாளியை இழிவாகப் பேசுகிறவர்கள், பிரெஞ்சு உணவகத்தில் நத்தை வந்தால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே தரம் பிரிக்கப்படுவது உணவு அல்ல. யார் உண்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, அவருக்குக் கொடுத்திருக்கும் இடத்தை அவருடைய உணவுக்கும் கொடுக்கிறோம். கேழ்வரகும் கம்பும் ஏழைகளின் தானியமாக இருந்தவரை அரிசிச்சோறுதான் கௌரவம். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்து, நகரக் கடைகளின் அலமாரிக்கு அவை ஏறிய பின் அவை ஆரோக்கிய உணவாயின. தானியத்தில் ஒரு சத்தும் கூடவில்லை; வாங்குகிறவர் மாறினார்.

ஏணியில் கீழே இருந்தவை மேலேறிய கதை நம் அன்றாடச் சமையலிலேயே இருக்கிறது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பிரான்சில் உருளைக்கிழங்கு தொழுநோய் உண்டாக்கும் என்று அஞ்சினார்கள். ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவில் கைதியாக இருந்தபோது அதை உண்டு பழகிய பார்மாந்தியே என்ற மருந்தாளர் ஊர் திரும்பி விடாமல் வாதாடினார். 1772இல்தான் பாரிஸ் மருத்துவப் புலம் அது உண்ணத் தகுந்தது என்று அறிவித்தது. நம் நாட்டிலும் பல வீடுகளில் திவசச் சமையலுக்குத் தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாயும் இன்றுவரை ஆவதில்லை, காரத்துக்கு மிளகுதான். ஒரு காலத்தில் அந்நியமாக இருந்ததன் தடம் அது. மற்ற நாட்களில் அதே வீடுகளில் தக்காளி இல்லாமல் ரசம் கொதிப்பதில்லை. இன்றும் இது நடக்கிறது. நாகரிகம் வளர்ந்தால் பூச்சி உணவு மறையும் என்றவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மஞ்சள் மாவுப்புழுவை மனித உணவாக அங்கீகரித்தும், சிங்கப்பூர் 2024இல் 16 பூச்சியினங்களுக்கு அனுமதி தந்தும் பதில் சொல்லிவிட்டன.

இனி எதிர்வாதங்கள். "விநோத உணவுகளால்தானே புதுப்புது நோய்கள் வருகின்றன?" என்று கேட்கிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது ஒரு பெண் வௌவால் சூப் உண்ணும் காணொளி உலகெங்கும் சுற்றியது. அது 2016இல் பசிபிக் தீவு நாடான பலாவில் எடுக்கப்பட்டது. வூஹானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. காட்டு விலங்குகளை உயிரோடு கூண்டுகளில் அடுக்கி விற்கும் சந்தைகள் ஆபத்தானவை என்பதை நான் மறுக்கவில்லை. சார்ஸ் நோய்ப் பரவலில் புனுகுப்பூனை விற்பனைக்கு இருந்த தொடர்பு அறியப்பட்டதே. ஆனால் 1996இல் பிரிட்டனை உலுக்கிய நோய், சாதாரண மாட்டிறைச்சி வழியாக மனிதருக்குப் பரவிய மாட்டுப் பித்த நோய். மாடுகளுக்கு மாட்டின் எலும்பையும் இறைச்சியையும் தூளாக்கித் தீவனமாகக் கொடுத்த வணிகம் அதற்குக் காரணம். 1997இல் ஹாங்காங்கில் மனிதரைத் தாக்கிய பறவைக் காய்ச்சல் கோழியிலிருந்து வந்தது. 1998–99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பன்றிப் பண்ணைகள் வழியாகப் பரவியது. மாடும் கோழியும் பன்றியும் எந்த விநோதப் பட்டியலிலும் இல்லை. வளர்க்கும் முறையிலும் விற்கும் முறையிலும் சுகாதாரத்திலும் இருக்கும் ஆபத்தை உணவின் விநோதத்தின்மேல் ஏற்றினால், உண்மையான ஆபத்து நம் பார்வையிலிருந்து தப்பிவிடும். பிராய்லர் கோழியின் எடையைக் கூட்ட, மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்தார்கள். இந்திய அரசு 2019இல்தான் அதைத் தடை செய்தது. அதுவரை அந்தக் கோழியைக் கண்டு எவரும் முகம் சுளிக்கவில்லை.

"அப்படியானால் எதை வேண்டுமானாலும் உண்ணலாமா? உடும்பையும் நாயையுமா?" என்பது அடுத்த கேள்வி. எதை வேண்டுமானாலும் உண்ணலாம் என்று நான் சொல்லவில்லை. உண்ணக் கூடாது என்பதற்கு அருவருப்பு காரணமாகாது, வேறு காரணம் வேண்டும் என்கிறேன். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கும் உயிர். அதைக் கொல்லக் கூடாது என்பதற்கு அந்த இனம் அழியக் கூடாது என்ற காரணம் போதும். வயலில் எலி மருந்து வைத்திருந்தால் அந்த எலியை உண்ணக் கூடாது. அதற்கு நஞ்சு என்ற காரணம் இருக்கிறது. நாயிறைச்சி பற்றித் தென்கொரியாவில் மக்கள் தமக்குள்ளேயே நெடுங்காலம் விவாதித்தார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் உணவுக்காக நாய் வளர்ப்பதையும் கொல்வதையும் 2027 முதல் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. விலங்குகளுக்கு நேரும் துன்பத்தைப் பற்றிய அக்கறை அங்கே வாதமாகி, வாதம் சட்டமானது. வெளியார் எத்தனையோ ஆண்டுகளாகக் காட்டிய முகச்சுளிப்பு அதைச் செய்யவில்லை. உடலுக்குக் கெடுதியா, உயிரினத்துக்கு அழிவா, விலங்குக்குக் கொடுமையா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளை ஈசலிடம் கேட்பதுபோலக் கூண்டுக் கோழியிடமும் கேட்க வேண்டும். அப்போது பட்டியலின் எந்தப் பக்கம் அதிகம் தேறும் என்பதை நேர்மையாகப் பார்க்கலாம்.

"பிடிக்காததை உண்ணாமல் இருப்பது என் உரிமை" என்பது கடைசி எதிர்வாதம். ஐயமே இல்லை. மத நம்பிக்கையால், உயிர்க்கொலை கூடாது என்ற கொள்கையால், வெறும் சுவையால்கூட ஒருவர் எதையும் மறுக்கலாம். அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் முகச்சுளிப்பு நம் இலையோடு நிற்பதில்லை. அது வாடகை வீட்டு வாசலில் "சைவம் மட்டும்" என்ற பலகையாகத் தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தையைத் தன் சோற்று டப்பாவை மூடிவைத்து உண்ணச் செய்கிறது. நாகாலாந்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து நம் நகரங்களில் உழைப்பவர்கள் புளிக்கவைத்த சோயாவையும் மீனையும் சமைத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறது. இருளர் சமூகத்தை எண்ணிப் பாருங்கள். 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியைத் தந்திருக்கிறது. நெல்லைத் தின்று கொழுக்கும் வயலெலியை வளை தோண்டிப் பிடித்து உழவரின் விளைச்சலைக் காப்பாற்றுவதும் அவர்கள்தான். அவர்கள் தரும் மருந்தையும் காத்த நெல்லையும் ஏற்றுக்கொண்டு, அந்த எலியைச் சுட்டுத் தின்கிறார்கள் என்பதற்காக அவர்களை இழிவாகப் பேசுவதை உரிமை என்று அழைக்க முடியாது. உண்ணாமல் இருக்கும் உரிமைக்குள் உண்பவரை அவமதிக்கும் உரிமை அடங்காது.

அருவருப்பு நமக்குள் எழுவதைத் தடுக்க முடியாது. பல ஆண்டுப் பழக்கம் ஒரு கட்டுரையால் கரைந்துவிடாது, கரைய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அது எழும்போது, அது நாம் வளர்ந்த வீட்டின் குரல் என்று அறிந்துகொள்ள நம்மால் முடியும். அடுத்த முறை "இதையெல்லாமா தின்பார்கள்?" என்று கேட்க வாய் வரும்போது, "இதை எப்படிச் சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு எது நஞ்சு, எது சட்டப்படி குற்றம் என்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். பிறர் சோற்றைப் பார்த்து "சீ" என்று சொல்ல மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள். வீட்டை வாடகைக்கு விடும்போது வருபவரின் அடுப்பை விசாரிக்காதீர்கள். மனிதரை அளக்க அவருடைய நடத்தை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, சொல் இருக்கிறது. அவர் இலையில் இருக்கும் உணவு அதற்கான அளவுகோல் அல்ல.